கிடை போட்ட புல்தரை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஆவுடைத்தாயை அழவிட்டுவிட்டு நான்பாட்டுக்குப் போய்விட்டேன் என்று கோபமாக இருப்பவர்கள் கொஞ்சம் மனம் ஆற வேண்டும். அவள் அழுது முடித்துவிட்டாள். விடிந்ததும் எழுந்து முகம் கழுவி, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அவள் பிறந்த கடையத்துப் பெண்கள் அழுகைக்கென்று அதிக நேரம் ஒதுக்குவதில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற சாலையில், குத்தாலிங்கம் வீட்டு முன்னால், ஊரே நின்று பார்த்துவிட்டுப் போகிற ஒரு புல்தரை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கண் புரை எடுத்துக்கொள்ள நாகர்கோவிலுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவருடைய மருமகள் ஆவுடைத்தாய் அதில் ஆட்டுக்கிடை போட்டாள். மறுநாள் காலையில் அங்கே புல் இல்லை. புழுக்கைதான் இருந்தது.

அந்தக் குத்தாலிங்கம் இன்று பகல் ரயிலில் வருகிறார். மகள் வீட்டில் தங்கிக் கண் ஆறி, புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வருகிறார். "கண்ணு தெரிஞ்சதும் நான் மொதல்ல பாக்கப் போறது நம்ம புல்லத்தான்" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன்.

இது என்ன பெரிய விஷயம், புல்தானே என்று நினைக்கிறவர்களுக்கு அவருடைய கதை தெரியாது.

ஆரியங்காவு மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குத்தாலிங்கம் பெரிய குமாஸ்தாவாக இருந்தவர். துரையின் பங்களாவுக்கு முன்னால் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஒரு புல்தரை. காலையில் துரை அதன் நடுவே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். குத்தாலிங்கம் காகிதக் கட்டோடு ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். பட்லர் வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு நடுவுக்குப் போவான். கையெழுத்தோடு திரும்பி வருவான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து துரை கப்பல் ஏறிய நாள் வரை குத்தாலிங்கத்தின் கால் அந்தப் புல்லில் பட்டதில்லை.

அதில் அவருக்கு வருத்தம் இருந்ததோ என்னவோ, வெளியே சொன்னதில்லை. சொன்னதெல்லாம் ஆச்சரியத்தைத்தான். நெல் இல்லை, பூ இல்லை, மாட்டுக்கும் அறுத்துப்போடக் கூடாது. சும்மா பச்சையாக இருப்பதற்கென்றே ஒரு நிலம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் மனம் தானாக அடங்கிவிடுகிறது. இப்படி ஒன்றைச் செய்யலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியிருக்கும் என்று அவர் வீட்டில் வந்து கேட்பார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

துரை ஊருக்குக் கிளம்பும்போது மற்றவர்கள் மேஜை கேட்டார்கள், சுவர்க் கடிகாரம் கேட்டார்கள். இவர் ஒரு சாக்குப் புல் கேட்டார். ஈரச் சாக்கில் பொதிந்து, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கி வந்து, வீட்டு முன்னால் சாண் சாணாக நட்டார். அது பிடித்துப் படர்ந்ததைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது. 'துரைப்புல்லு' என்று பெயரும் வைத்துவிட்டது.

புல்லோடு சேர்ந்து துரையின் சட்டமும் மலையிறங்கி வந்துவிட்டது. யாரும் மிதிக்கக் கூடாது. களை எடுக்கக்கூட அவர் பலகை போட்டு அதன்மேல்தான் உட்காருவார். வற்றல் காயப்போட ஒரு மூலை கேட்டுக் கேட்டு மனைவி அகிலாண்டேஸ்வரிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

அப்படிப்பட்டவர், கண்ணில் பால் படர்ந்து ஆள் அடையாளம் தெரியாமல் போன பிறகு, நாகர்கோவிலுக்குக் கிளம்புமுன் மருமகளைக் கூப்பிட்டார். மனைவியை அல்ல, மகனை அல்ல. கல்யாணமாகி இன்னும் ஓர் ஆடிகூடக் காணாத மருமகளை.

"ஆவுடை, நீ வயக்காட்டுப் பிள்ள. மண்ணு பாஷ ஒனக்குத்தான் தெரியும். ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார்.

அந்தச் சொல்லை அவள் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். காலையும் மாலையும் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். சித்திரை வெயிலுக்குக் கிணறு அடி கண்டது. புல் பழுத்து, வைக்கோல் நிறமாகிப் போனது. என்ன செய்வது என்று யாரைக் கேட்பாள்? அந்த ஊரில் வேறு யார் வீட்டில் புல்தரை இருக்கிறது?

அப்போதுதான் ஆட்டுக்காரர்கள் செங்கோட்டைப் பக்கம் போகிற வழியில் அந்தச் சாலையில் வந்தார்கள். அவளுக்கு அப்பா வீட்டு வயல் ஞாபகம் வந்தது. மழைக்கு முன்னால் வயலில் கிடை போடாமல் அவள் அப்பா சுடலைக்கண்ணு ஒரு வருஷமும் விட்டதில்லை. இரவெல்லாம் ஆடுகள் வயலில் அடைந்து கிடக்கும். விடியும்போது நிலத்துக்கு உரம் ஏறியிருக்கும். கிடை போட்ட வயல் கேட்காமலே விளையும் என்பார்கள். ஒரு ராத்திரி போதும் என்று பேசி, ஆடுகளை உள்ளே விடச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. கிடை போடுகிற வயல் அறுத்து முடிந்த வயல். அங்கே ஆடுகளுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது, படுக்கும், அவ்வளவுதான். இங்கே காய்ந்ததோ பழுத்ததோ, தரை முழுக்கத் தீனி. படுக்கச் சொன்னால் படுக்குமா?

காலையில் கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் பிரமித்துத்தான் நின்றாள். இத்தனை வருஷம் ஒரு மனுஷன் வளர்த்ததை இத்தனை சின்ன வாய்கள் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டனவே என்று. பிறகுதான் அழுகை வந்தது.

அன்றிலிருந்து கிணற்றில் ஊறுகிற தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், குளித்த தண்ணீர் என்று ஒரு சொட்டு விடாமல் அங்கேதான் ஊற்றுகிறாள். புழுக்கை சூடு, நனைக்காவிட்டால் வேர் வெந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டு நாளாகச் சாயங்காலங்களில் மலையிலிருந்து பன்னீர் தெளித்த மாதிரி தூறல் வேறு. அதையும் அவள் நம்பவில்லை.

இன்றைக்கும் ஊற்றிவிட்டு வரும்போது கணவன் தாணு வாசலில் நின்றான். தென்காசியில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் புலி, வீட்டில் எலி.

"ஏட்டி, டேசன்ல அப்பாட்ட நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதீக. நான் சொல்லுதேன்."

"நீயா?"

"கிடை போட்டது நான்தான. எனக்குப் பதிலா நீங்க வாங்கிக் கட்டிக்கிடவா போறீக?"

"அதுக்கில்ல. கண்ணுல தண்ணி வரப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம்."

"எனக்கு வந்தாப் போதும். நீங்க போயிட்டு வாங்க, ரயிலு வந்துரும்."

தாணு போனான். நல்ல பையன்தான். நல்லவர்களாக இருப்பதோடு நின்றுவிடுகிற பையன்கள் உண்டே, அந்த ரகம்.

அடுக்களையில் அகிலாண்டேஸ்வரி அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளை ஏறிட்டுப் பார்க்காமலே பேசினாள்.

"ஆவுடை, ஒன் துணிமணிய எடுத்து வச்சிக்கோ. ஒங்க அய்யாவுக்கு நேத்தே ஆளு விட்டாச்சி. மத்தியானம் வண்டி கொண்டு வருவாரு."

ஆவுடைத்தாய்க்குக் கையிலிருந்த வாளி கனத்தது. கீழே வைத்தாள்.

"எதுக்கு அத்த?"

"எதுக்கா? மாமா கண்ணாடிய மாட்டுத நேரத்துல நீ இங்கன நிக்கப்படாது. அவுக கோபத்த நீ கண்டதில்ல. கொஞ்ச நாளு அங்கன இரு. ஆறட்டும்."

"ஆறினப் பொறவு கூப்பிடுவீகளா?"

அகிலாண்டேஸ்வரி வாழைக்காயைத் திருப்பிப் போட்டு நறுக்கினாள்.

இதன் பொருள் ஆவுடைத்தாய்க்குப் புரியாமல் இல்லை. புதுப்பெண் ஆடிக்குத் தாய் வீட்டுக்குப் போகலாம். வளைகாப்பு முடிந்து போகலாம். இரண்டும் இல்லாமல் வைகாசியில் ஒரு மூட்டையோடு போய் இறங்கினால் ஊர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். அந்தக் கேள்விக்கு அவள் அப்பா எந்த முகத்தோடு பதில் சொல்வார்?

"அத்த, நான் மாமாவப் பாத்துச் சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாள். "என்னட்டதான் விட்டுட்டுப் போனாக. அவுக வரும்போது நான் இல்லன்னா அது ஓடிப்போனது மாதிரி ஆயிரும்."

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் காயைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளும் கெட்டவள் இல்லை. கணவர் கோபத்தில் வாயை விட்டுவிட்டால் அதை இந்தப் பெண் ஆயுசுக்கும் மறக்காது என்று பயந்தாள். பயத்தில் செய்கிற காரியத்துக்கும் பகையில் செய்கிற காரியத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை, அதுதான் சங்கடம்.

பத்து மணிக்கு மேல் காற்று திரும்பியது. சாலையில் கிடந்த சருகெல்லாம் எழுந்து கிழக்கே ஓடின. ஆவுடைத்தாய் வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தாள். நேற்றுவரை வெயிலில் வெளுத்துக் கிடந்த மலையைக் காணோம். வெள்ளையாக ஒரு மேகம் மலை உச்சியிலிருந்து அருவிப் பக்கமாகச் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கடையத்திலிருந்து பார்த்த மலைதான். ஆனால் இத்தனை கிட்டத்தில், தலைக்குமேல் வந்து நிற்கிற மாதிரி அவள் பார்த்ததில்லை. தன் கவலையை மறந்து நின்றாள். இவ்வளவு பெரிய மலையை மறைத்துவிடுகிற ஒன்று, கையால் பிடித்தால் ஒன்றுமே இல்லாத புகை. இவ்வளவு பெரியதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, கீழே ஒருத்தி ஆட்டுப் புழுக்கையை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

குதிரை வண்டி வந்து நின்றது.

தாணு முதலில் குதித்து அப்பாவுக்குக் கை கொடுத்தான். குத்தாலிங்கம் இறங்கினார். மூக்கில் கண்ணாடி இல்லை. கையில் கண்ணாடிக்கூடு, கோவில் பிரசாதம் பிடித்திருப்பதைப் போல நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"கடைல மாட்டிப் பாத்ததோட சரி" என்று தாணு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னான். "ரயில்லயும் போடல. வழியெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன். வீட்ல போயிப் போடுதேன்கிறாக."

கண்ணாடி இல்லாமல் அவருக்கு எல்லாமே நிறமும் நிழலும்தான். வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன இது, ஆட்டு வாட அடிக்கி?"

அகிலாண்டேஸ்வரி மருமகளின் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தாள். ஆவுடைத்தாய் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா, கண்ணாடி போடுததுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்."

"ஆவுடையா? சொல்லு தாயி."

"நான் புல்லுல கிடை போட்டுட்டேன். உரம் ஏறட்டும்னு நெனச்சிப் போட்டேன். ஆடு எல்லாத்தையும் தின்னுட்டு."

குதிரை தலையை ஆட்டியதில் மணி சிணுங்கியது. வண்டிக்காரர் கூலி வாங்க மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"வேரோடயா?" என்று கேட்டார் குத்தாலிங்கம்.

"தெரியல மாமா. நான் குனிஞ்சி பாக்கல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சி."

அவர் வாய் எதையோ சொல்லத் திறந்தது. அகிலாண்டேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவர் அதை விழுங்கிவிட்டு, கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். தடித்த கண்ணாடி. கீழ்ப்பாதியில், கிட்டத்தில் பார்ப்பதற்கென்று இன்னொரு சில்லு பதித்திருந்தது. காதுகளில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

கறுத்த தரை. அங்கங்கே குளம்பு மிதித்த குழி. குழியெல்லாம் புழுக்கை.

பழக்கதோஷம், ஓரத்துக்குப் போனதும் செருப்பைக் கழற்றினார். கழற்றிவிட்டு, துரை முன்னால் நின்ற மாதிரியே நின்றார். தாணு அப்பாவைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் போனான். அதற்குள் அவர் சட்டென்று மண்டியிட்டுவிட்டார்.

மயக்கம்தான் என்று அகிலாண்டேஸ்வரி ஓடி வந்தாள். மயக்கம் இல்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை ஏற்றி, மூக்குக்குக் கீழே இருக்கிற சில்லு வழியாக மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகமாக இருந்தது.

"ஏலே தாணு" என்றார். "இங்கன வா. குனி. தெரியுதா?"

"என்னதுப்பா?"

"இன்னும் குனி."

தாணு குனிந்தான். ஒன்றும் தெரியவில்லை. மண்டியிட்டான். தெரியவில்லை. கடைசியில் கணக்கு வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு உடுத்துகிற வெள்ளை வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்தான்.

"தெரியுதாலே?"

"தெரியுதுப்பா."

ஆவுடைத்தாயும் படுத்தாள். அகிலாண்டேஸ்வரி ஒரு கணம் சாலையைப் பார்த்தாள். யார் பார்த்தால் என்ன என்று அவளும் சேலையைச் செருகிக்கொண்டு படுத்துவிட்டாள்.

கன்னம் மண்ணைத் தொடுகிற உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு புழுக்கையின் ஓரத்திலும் ஊசி முனை அளவுக்குப் பச்சை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னும். எண்ணவே முடியாது. நின்று பார்த்தால் கறுப்பாகக் கிடக்கிற தரை முழுவதும், படுத்துப் பார்த்தால் பச்சைதான். ஒவ்வொரு முனையிலும் காலையில் ஊற்றிய தண்ணீர் ஒரு துளியாக நின்றது. துளிக்குள் வானம் இருந்தது.

"நான் இத்தன வருசமா என்னத்தல பாத்தேன்?" என்றார் குத்தாலிங்கம். மகனிடம் கேட்கிறாரா தன்னிடமே கேட்கிறாரா என்று தெரியவில்லை. "பச்சையா ஒரு விரிப்பு, அத்தோட சரி. இது ஒவ்வொண்ணும் தனியால்ல நிக்கி. இந்தா, இது சாஞ்சி நிக்கி. இது புழுக்கையத் தள்ளிக்கிட்டு வருது பாரு. இத்துனூண்டு இருந்துக்கிட்டு எம்புட்டுப் பாரத்தத் தள்ளுது."

பார்க்கப் பார்க்க முன்னால் தவழ்ந்து போனார். கண்ணாடியில் பொடித்தூறல் விழுந்தது. துண்டால் துடைத்துவிட்டு மேலே போனார். மண்டியிட்டும் தவழ்ந்தும், பிறந்த பிள்ளையின் விரலைப் பார்ப்பதைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர், மனைவி கூப்பிடும் வரை நிற்கவில்லை.

"ஏங்க, நடுவுக்குல்ல போயிட்டீக."

குத்தாலிங்கம் திரும்பிப் பார்த்தார். நான்கு பக்கமும் தரை. பலகை கிடக்கிற ஓரம் எங்கேயோ இருந்தது. தன் கால்களைப் பார்த்தார். மண்ணும் புழுக்கையும் அப்பியிருந்தன. மெதுவாக அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமா. நடுவுலதான் இருக்கேன்" என்றார். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று சொன்ன டாக்டர் பக்கத்தில் இல்லை.

பிறகு மருமகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "வாட்டி, வந்து இங்கன இரு. செஞ்சது தப்பு, அதச் சொல்லாம விடமாட்டேன். புல்லு நிக்கித தரையில கிடை போடுவாளா ஒருத்தி? தண்ணி ஊத்தலன்னா வேரு வெந்து போயிருக்கும்."

"ஊத்தினேன் மாமா. தெனமும் ஊத்தினேன்."

"ஊத்துனது தெரியுது. அதான் உசிரு இருக்கு. வா."

ஆவுடைத்தாய் கால் வைக்கப் பயந்து நின்றாள். முளைமேல் மிதித்துவிட்டால்? விரல் நுனியில், ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து போனாள். அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

அவள் போய் உட்காருவதற்குள் சாலையில் வில்வண்டிச் சத்தம் கேட்டது. கடையத்து வண்டி. சுடலைக்கண்ணு இறங்கி, வாசலில் யாரையும் காணாமல் திகைத்து, பிறகு முன்தரையில் சம்பந்தி வீட்டார் கிடக்கிற கோலத்தைப் பார்த்தார். தாணு இன்னும் எழுந்திருக்கவில்லை. சம்பந்தி அம்மாள் கன்னத்தில் மண் இருந்தது. வரும் வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அவருக்கு மறந்துபோயின.

"வாங்க அண்ணாச்சி" என்றார் குத்தாலிங்கம், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நல்ல நேரத்துல வந்தீக. செருப்ப அங்கன விட்டுட்டு உள்ள வாங்க. ஆமா, நான் இன்னைக்கி வருதது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

சுடலைக்கண்ணு மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனியவில்லை.

"நான்தான் மாமா சொல்லி விட்டேன்" என்றாள். "ஒங்களுக்குக் கண்ணு தெரியுதத அய்யாவும் வந்து பாக்கட்டும்னு."

பொய் சரளமாகத்தான் வந்தது. குத்தாலிங்கம் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். சுடலைக்கண்ணுவும், ஒன்றும் விளங்காவிட்டாலும், ஆமாம் ஆமாம் என்று ஆட்டி வைத்தார். காரியம் அத்தோடு முடிந்திருக்கலாம்.

அகிலாண்டேஸ்வரி எழுந்து நின்றாள்.

"அவ சொல்லல" என்றாள். "நான்தான் ஆளு விட்டேன். இவளக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லி விட்டேன்."

தாணு தலையைத் தூக்கினான். தூறல் வலுத்து, புல்தரையில் பொட்டுப் பொட்டாக விழத் தொடங்கியது. யாரும் நகரவில்லை.

குத்தாலிங்கம் கண்ணாடியை மனைவி பக்கம் திருப்பினார். அந்தத் தடித்த சில்லுகளுக்குள் அவர் கண்கள் இரண்டும் பெரிது பெரிதாகத் தெரிந்தன. அவர் கண்ணில் பால் படர்ந்ததற்கப்புறம் தன் தலை முழுக்க நரைத்துப்போனதை அவர் இன்னும் பார்க்கவில்லை என்பது அகிலாண்டேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.